கிரிப்டோவில் பணம் கட்டினால் தடம் இருக்காதா?

"இந்தச் சேவைக்கு கிரிப்டோவிலும் பணம் கட்டலாம் என்று போட்டிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் எங்கள் பெயர் எங்கும் பதியாது தானே?"

கடந்த சில வருடங்களாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சிறிய இணையத்தளங்களுக்குத் தொழில்நுட்ப வேலை செய்வது என் தொழில். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சிறு ஊடகங்கள், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளின் விபரங்களைச் சேகரித்து வைப்பவர்கள் எனப் பலரும் வருவார்கள். தளத்தின் பெயரைப் புதுப்பிக்கவும், சேர்வரில் இடம் வாங்கவும், விபிஎன் எடுக்கவும், பழைய காணொளிகளைப் பத்திரப்படுத்தவும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டொலரில் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

கேள்விக்கான சுருக்கமான பதில்: பெயர் பதியும். பெரும்பாலான வேளைகளில் வங்கி அட்டையில் கட்டுவதை விடக் கூடுதலான இடங்களில் பதியும். ஏன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கேள்வி எங்கிருந்து வருகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அட்டை வேலை செய்யாத அனுபவம். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டபோது சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. டொலர் இல்லாத அந்த மாதங்களில் வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்கு வரம்பு போட்டன. பணம் கட்ட முடியாமல் தளத்தின் பெயரை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் பழையது. பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுடைய ஆட்களுக்கு வயிறு கலங்கும். யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகப் பொலிஸ் பதிவு நடந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் தமிழ்நெட் தளம் நாட்டுக்குள் தடுக்கப்பட்டது. பின்னர் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. காணாமல் போனவர்களின் சாட்சியங்களை வைத்திருக்கும் ஒருவர் தன் சேர்வருக்கு யார் பணம் கட்டுகிறார் என்பது வெளியே தெரியக்கூடாது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை கிரிப்டோ தரும் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது.

உண்டியலும் கிரிப்டோவும்

பலர் கிரிப்டோவை உண்டியலின் நவீன வடிவம் என்று விளங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் வங்கியைச் சுற்றிப் போகின்றன என்பதைத் தவிர, அவை நேரெதிரானவை.

உண்டியலில் ரொறன்ரோவிலுள்ள அண்ணா அங்கே ஒருவரிடம் டொலர் கொடுப்பார். இங்கே வெள்ளவத்தையில் இன்னொருவர் ரூபாயைக் கொண்டுவந்து தருவார். எல்லையைத் தாண்டி ஒரு நோட்டும் போவதில்லை. முகவர்கள் பிறகு தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. ஆனாலும் ஊர், உறவு, ஆள் முகம் ஆகியவற்றின் மீதான நம்பிக்கையில் அது ஓடுகிறது. வேலை முடிந்ததும் துண்டு கிழிக்கப்படும்.

கிரிப்டோவில் ஆள் முகம் கிடையாது, துண்டும் கிழிக்கப்படுவதில்லை. பிட்கொயின் பற்றிய கட்டுரையை சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008 ஒக்டோபர் 31 அன்று வெளியிட்டார்கள். அதன் முதல் பதிவுத் தொகுதி 2009 ஜனவரி 3ஆம் திகதியிடப்பட்டது. கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது அதற்கு முதல் நாள். அன்று தொடங்கி இன்று வரை நடந்த ஒவ்வொரு பிட்கொயின் பரிமாற்றமும், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்ற விபரத்தோடு, உலகில் எவரும் பார்க்கக்கூடிய ஒரே பேரேட்டில் இருக்கிறது. அதை அழிக்க யாராலும் முடியாது.

பேரேட்டில் உங்கள் பெயர் இராது. நீண்ட எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு முகவரிதான் இருக்கும். ஆனால் அந்த முகவரி உங்களுடையது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அதன் முன்னும் பின்னும் நடந்த எல்லாம் தெரிந்துவிடும். பிட்ஃபினெக்ஸ் என்ற பரிமாற்றகத்திலிருந்து 2016இல் ஏறத்தாழ 120,000 பிட்கொயின்கள் திருடப்பட்டன. அமெரிக்க அதிகாரிகள் இந்தப் பேரேட்டின் வழியாகவே தடத்தைப் பின்தொடர்ந்து, ஆறு வருடங்களின் பின் 2022இல் இருவரைக் கைதுசெய்து பெரும் பகுதியை மீட்டார்கள். பல கணக்குகள் வழியாகப் பணத்தைச் சுற்றவிட்டவர்களாலேயே தடத்தை மறைக்க முடியவில்லை.

ஒரு கொடுப்பனவு, நான்கு தடங்கள்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒருவர் மாதம் ஐந்து யூரோ விபிஎன் ஒன்றுக்கு கிரிப்டோவில் பணம் கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது ரூபாய். முதலில் அதைக் கிரிப்டோவாக மாற்ற வேண்டும்.

பெரும்பாலானோர் போவது பைனான்ஸ் போன்ற ஒரு பரிமாற்றகத்துக்கு. இங்கே கடன் கொடுக்கும் பினான்ஸ் கம்பனிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணக்கைத் திறக்கும்போதே தேசிய அடையாள அட்டையின் அல்லது கடவுச்சீட்டின் படமும், உங்கள் முகத்தின் படமும் கேட்கப்படும். இது முதலாவது தடம்.

அடுத்து, அங்கே விற்பனைக்கு வைத்திருக்கும் ஒரு தனிநபரைத் தெரிவுசெய்ய வேண்டும். அவர் விற்கும் நாணயத்தைப் பரிமாற்றகம் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் அவருடைய இலங்கை வங்கிக் கணக்குக்கு ரூபாயை அனுப்புவீர்கள். பணம் வந்ததாக அவர் உறுதிசெய்ததும் நாணயம் உங்களுக்கு விடுவிக்கப்படும். இரண்டு வங்கிகளிலும் இது பதிவாகும். இது இரண்டாவது தடம்.

பெரும்பாலும் வாங்கப்படுவது யூஎஸ்டிடி, அதாவது டெதர். ஒரு டெதர் ஒரு டொலருக்குச் சமமாக இருக்கும் வகையில் ஒரு நிறுவனம் அதை வெளியிடுகிறது. தேவைப்பட்டால் ஒரு முகவரியிலுள்ள டெதரை அந்த நிறுவனமே முடக்கவும் முடியும். அதை விபிஎன் நிறுவனம் ஏற்கும் நாணயமாக மாற்றி, அந்த நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்புவீர்கள். இது பொதுப் பேரேட்டில் ஏறும் மூன்றாவது தடம்.

கடைசியாக, விபிஎன் கணக்கைத் திறக்க நீங்கள் கொடுத்த மின்னஞ்சலும், அந்த நேரத்தில் உங்கள் வீட்டு இணைய இணைப்பின் இலக்கமும் அந்த நிறுவனத்திடம் இருக்கும். இது நான்காவது தடம்.

டெபிட் அட்டையில் கட்டியிருந்தால் இவற்றில் வங்கிப் பதிவும் நிறுவனத்தின் பதிவும் மட்டுமே இருந்திருக்கும். அவை பொதுமக்கள் எவரும் பார்க்கக்கூடியவை அல்ல.

செலவும் குறையாது. சிறிய தொகையொன்றை அனுப்பும்போது கட்டணம் தொகையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஸ்டீம் என்ற பெரிய கணினி விளையாட்டுத் தளம் 2016 ஏப்ரலில் பிட்கொயினை ஏற்கத் தொடங்கி, 2017 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. ஒரு பரிமாற்றத்துக்கான கட்டணம் 20 டொலரை எட்டியதும், விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறியதும் அதற்குக் காரணங்கள். தவறுதலாக வேறு முகவரிக்கு அனுப்பினால் மீளப் பெற வழியில்லை. அட்டையில் இருப்பதைப் போல வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திருப்பக் கேட்கும் ஏற்பாடு இங்கே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மெய்நிகர் நாணயங்கள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இலங்கையில் கிரிப்டோ பரிமாற்றகம் நடத்தவோ, நாணயங்களைத் தோண்டவோ எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அது சொன்னது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வெளியிட்ட பணிப்புரையின்படி, கடனட்டையையோ டெபிட் அட்டையையோ மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்த முடியாது. வெளிநாட்டு இணையச் சேவையொன்றுக்கு அட்டையில் நேரடியாகப் பணம் கட்டுவது வேறு விடயம். அது வழமையான கொடுப்பனவு.

கிரிப்டோவின் பெயரைச் சொல்லி ஆள் சேர்க்கும் திட்டங்கள் முற்றிலும் வேறானவை. ஸ்போர்ட் செயின், ஒன்மெக்ஸ் டிடி போன்றவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி பெயர் குறிப்பிட்டே அறிவித்திருக்கிறது. அவற்றில் பணம் போட்டவர்கள் வடக்கு கிழக்கிலும் இருக்கிறார்கள்.

எங்களைப் பொறுத்தவரை இன்னொரு அடுக்கும் உண்டு. பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதோடு, 2012ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் அமைப்புகளும் ஆட்களும் பட்டியலிடப்படுகிறார்கள். 2014இல் 16 அமைப்புகள் பட்டியலில் ஏற்றப்பட்டன. 2015இல் எட்டு நீக்கப்பட்டன. 2021இல் ஏழு மீண்டும் சேர்க்கப்பட்டன. 2022இல் ஆறு நீக்கப்பட்டன. பட்டியல் அரசோடு மாறுகிறது, பேரேடு மாறுவதில்லை. இன்று சாதாரணமாகத் தெரியும் ஒரு பரிமாற்றத்தை ஐந்து வருடம் கழித்து வேறொரு கண்ணோடு யாராவது வாசிக்கலாம்.

கணக்கு முடங்கும் விதம்

நான் நேரில் கண்ட சிக்கல்களில் அதிகமானவை கிரிப்டோவை வாங்கும்போது வந்தவை அல்ல, விற்கும்போது வந்தவை. வெளிநாட்டுக்கு வடிவமைப்பு வேலை செய்து கொடுக்கும் ஒரு தம்பிக்கு யூஎஸ்டிடியில் சம்பளம் வந்தது. அதை விற்று ரூபாயாக எடுத்தார். அவருடைய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியது முன்பின் தெரியாத ஒருவர். அந்தப் பணம் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறிக்கப்பட்டது என்று பிறகு முறைப்பாடு வந்தது. கணக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அம்மாவின் மருந்துச் செலவும் அதே கணக்கில்தான் இருந்தது.

அவர் குற்றம் செய்யவில்லை. ஆனால் "இந்தப் பணத்தை அனுப்பியவர் யார்?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. தடுப்பில் இருந்து வந்தவருக்கோ, குடும்பத்தில் அப்படி ஒருவர் இருப்பவருக்கோ அந்தக் கேள்வியின் பாரம் இன்னும் அதிகம். ஆகவே, கொமிஷன் தருகிறோம் என்று சொல்லி உங்கள் வங்கிக் கணக்கை யாராவது பாவிக்கக் கேட்டால், எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்

அட்டை வேலை செய்யாததுதான் சிக்கல் என்றால், முதலில் வங்கியைக் கேளுங்கள். பல அட்டைகளில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அடைக்கப்பட்டிருக்கும், கேட்டால் திறந்து விடுவார்கள். இதற்கென்று தனியாக ஒரு கணக்கும் டெபிட் அட்டையும் வைத்து, தேவையான அளவு பணத்தை மட்டும் போட்டு வைப்பது நல்லது.

வெளிநாட்டிலுள்ள உறவினர் தன் அட்டையில் கட்டித் தருவதும் எளிய வழி. ஆனால் தளத்தின் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கட்டும். புதுப்பிக்கும் திகதியை நீங்களே குறித்து வையுங்கள். அவர் அட்டையை மாற்றினாலும் தளம் போய்விடக்கூடாது.

பாதுகாப்புத்தான் காரணம் என்றால், எந்த நாணயத்தில் கட்டுவது என்பதை விட, எந்த நிறுவனம் உங்களைப் பற்றி எவ்வளவு கேட்கிறது என்பதே முக்கியம். சுவீடனிலுள்ள முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை, ஒரு கணக்கிலக்கத்தை மட்டும் தருகிறது. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸார் தேடுதல் ஆணையோடு அங்கே போனார்கள். வாடிக்கையாளர் விபரம் எதுவும் சேமிக்கப்படாததால் வெறுங்கையோடு திரும்பினார்கள். சேமிக்காத தகவலை யாராலும் எடுக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கிரிப்டோவைக் கையாளத்தான் வேண்டும் என்றால் சிலவற்றை மறக்க வேண்டாம். முதலில் மிகச் சிறிய தொகையொன்றை அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் வலையமைப்பும் பெறும் வலையமைப்பும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே யூஎஸ்டிடி ட்ரொன், எத்தீரியம் என்று பல வலையமைப்புகளில் ஓடுகிறது, மாறி அனுப்பினால் பணம் தொலையலாம். பணப்பையை மீட்கும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதி வையுங்கள், தொலைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டாம். அந்தச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே எண்ணுங்கள். செய்த வேலைக்கான பற்றுச்சீட்டையும் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுவே.

வன்னியில் தமிழீழ வைப்பகத்தில் நகை அடகு வைத்தவர்கள், யுத்தம் முடிந்த பின் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பல வருடங்கள் அலைந்தார்கள். பணத்தை எங்கே வைத்தாலும், எதன் வழியாக அனுப்பினாலும், பிழைத்தால் பதில் சொல்ல யார் இருக்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும். கிரிப்டோவில் அப்படி ஒருவர் இல்லை.

விதிகள் மாறக்கூடியவை என்பதால், பெரிய தொகை எதையும் தொடும் முன் மத்திய வங்கியின் அறிவித்தல்களைப் பாருங்கள். நிதி நிறுவனங்கள் தொடர்பான முறைப்பாடுகளுக்கு மத்திய வங்கியின் 1935 இலக்கமும், இணைய மோசடி பற்றிய ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கமும் இருக்கின்றன. ஏமாற்றப்பட்டால் அன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.