மோட்டார் வீட்டில் புகுந்த மழை

வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத குடும்பம் இன்று நம் சங்கத்தில் அரிது. அவர்களைக் காணச் சென்று திரும்பும் அன்பர்கள், தாம் கண்ட அரண்மனைகளையும் ஏரிகளையும் பற்றி இவ்விதழில் எழுதுவது வழக்கம். நான் எழுதப் புகுவது அத்தகைய காட்சி எதனையும் பற்றியன்று. 2023ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மகள் வீட்டு வாயிலில் நின்ற ஒரு பழைய வண்டியின் உட்சுவரைப் பிரிப்பதிலேயே என் நாட்களில் பாதி கழிந்தது.

அவ்வண்டியை அங்கே மோட்டார் ஹோம் என்கிறார்கள். நாம் மோட்டார் வீடு என்று வைத்துக்கொள்வோம். சிறிய லாரி ஒன்றின் அடிச்சட்டத்தின் மீது ஓர் அறையைக் கட்டி, படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிவறை யாவற்றையும் அதனுள் அடக்கியிருப்பார்கள். என் மக்கள் வாங்கியது 1996இல் கட்டப்பெற்றது. ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டம் கொண்டது. ஸ்காட்லாந்து மலைநாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான்கு ஆண்டுச் சேமிப்பை அதில் போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, பேத்தி படுக்கும் பின்மூலையில், சன்னலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்திற்குச் சுவர் கருத்திருந்தது. விரலால் அழுத்தினால் பிட்டு மாவுபோல் அமுங்கியது. பூஞ்சண வாடை வேறு. அங்கே படுத்தெழுந்தால் அக்குழந்தை இருமுவதாக மகள் சொன்னாள்.

மாப்பிள்ளை சும்மா இருந்துவிடவில்லை. சன்னலைச் சுற்றிலும் வெளிப்புறத்தில் ஸிலிகான் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தார். ஆயினும் ஒவ்வொரு மழைக்கும் கறை ஒரு விரற்கடை வளர்ந்தே வந்தது.

நான் மாதுங்கா இரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிகளைப் பழுது பார்த்தவன். 1955இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலையில் உருவான பெட்டிகள் எங்களிடம் வரும்போது வெளிப்பூச்சு பளபளக்கும். கழிவறையை ஒட்டிய தரைப்பலகையைப் பெயர்த்தால்தான் அடியிலுள்ள இரும்பு துருவேறி இற்றுப்போயிருப்பது தெரியவரும். ஆகவே, "மாப்பிள்ளை, இதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்" என்றேன்.

"பிரித்தால் மறுபடி பூட்ட முடியுமா, மாமா?" என்று அவர் தயங்கினார். அந்த அச்சம் நியாயமானதே. இவ்வண்டிகளின் சுவர் முற்றும் இரும்பாலானதன்று. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மரரீப்பர்களால் ஆன சட்டம், இடைவெளிகளில் தெர்மோகோல், அதன்மேல் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ப்ளைவுட், அதற்குமேல் அலங்காரத் தாள். சுவரை முதலில் நிறுத்திவிட்டு அலமாரிகளைப் பிறகு மாட்டுவதால், ஒரு பலகையை எடுக்க வேண்டுமானால் அதற்குமுன் பத்துப் பொருள்களை எடுத்தாக வேண்டும்.

முதல் நாள் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, வீட்டிலிருந்து வந்த மின்சாரத்தையும் நிறுத்தி, எரிவாயு உருளையை மூடினோம். பலகைக்குப் பின்னே கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று எவருக்கும் தெரியாது. திருகாணி ஒன்று கம்பியைக் கிழித்தால் தொல்லை. பின்னர் மெத்தை, திரைச்சீலைக் கம்பி, மூலைச் சட்டம், மேல் அலமாரி என்று வரிசையாகக் கழற்றினோம். அலமாரியின் திருகாணிகள் அதன் உட்புறத்திலேயே, சிறு ப்ளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருந்தன. எடுத்த திருகாணிகளை இடவாரியாகத் தனித்தனி உறைகளில் இட்டுப் பெயரெழுதும் வேலையைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொரு படிக்கும் மாப்பிள்ளை கைப்பேசியில் படம் பிடித்தார். பலகையைத் துண்டு துண்டாக உடைக்காமல் கூடியமட்டும் முழுதாக எடுத்தோம். எவ்வளவு இற்றிருந்தாலும், புதியதை அறுப்பதற்கு அதுவே அளவுகோல்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த ஒரு சுவரின் தாள் மட்டும் மற்றவற்றைவிடப் புதியது. அதற்கடியில் பழைய தாளும், அதில் பழைய கறையும் அப்படியே இருந்தன. விற்றவர் அறிந்தே மூடியிருக்கிறார்.

அன்றிரவு மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாமும் ஒரு தாளை ஒட்டி விற்றுவிட்டால் என்ன?" என்றார். சேமிப்பையெல்லாம் போட்டவர் மனம் அப்படித்தான் போகும். நான் வாய் திறக்கவில்லை. மகள்தான், "வாங்குகிறவர்களுக்கும் குழந்தை இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். மறுநாள் காலை மாப்பிள்ளை எனக்குமுன் எழுந்து திருப்புளியோடு வண்டிக்குள் இருந்தார்.

தெர்மோகோலை எடுத்தபின் ரீப்பர்களின்மேல் பழுப்பு நிறத்தில் நீர் ஓடிய தடம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது சன்னலில் தொடங்கவில்லை. சன்னலுக்கு மேலே ஏறி, கிடைரீப்பர் வழியாக வண்டியின் பின்பக்கத்தை நோக்கிச் சென்றது. நீர் புகும் இடம் வேறு, தலைகாட்டும் இடம் வேறு. மும்பை அடுக்குமாடிகளில் நம் கூரையில் ஓதம் கண்டவுடன் நேர்மேலே குடியிருப்பவரோடு சண்டைக்குப் போகிறோமே, அதில் எத்தனை சண்டை வீண் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

புகும் வாயிலைக் காண நீர்க்குழாய்ச் சோதனை செய்தோம். இதில் ஒழுங்கு முக்கியம். மேலிருந்து நீரைக் கொட்டினால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து ஒன்றும் விளங்காது. கீழிருந்து தொடங்கி, ஓரிடத்திற்குக் கால்மணி நேரம் மெல்லிய தாரையாக விட்டு, ஒன்றும் வரவில்லையென்றால் ஒரு முழம் மேலே ஏற வேண்டும். மாப்பிள்ளை வெளியே குழாயோடு. நான் உள்ளே கைவிளக்கோடு. சன்னலின் அடி, பக்கம், உச்சி மூன்றும் உலர்ந்தே இருந்தன. ஸிலிகான் செலவு முழுதும் வீண். அதைவிடக் கேடு, சன்னலின் கீழ்விளிம்பை அது அடைத்திருந்ததால், வெளியேற வேண்டிய நீரும் உள்ளேயே தேங்கியிருந்தது. மூன்றாம் மணி நேரத்தில், கூரையோரத்தில் உள்ள சிறு சிவப்பு அடையாள விளக்கை நீர் தொட்டது. இரண்டு நிமிடத்தில் அவ்விளக்கின் கம்பி வழியே ஒரு துளி இறங்கி என் கண்ணெதிரே ரீப்பரில் விழுந்தது. கறைக்கும் அவ்விளக்குக்கும் ஏறக்குறைய நான்கடித் தொலைவு! விளக்கின் அடியிலிருந்த ரப்பர் வெடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது.

பழுது பார்க்க ஆன செலவு அதிகமில்லை, காத்திருப்புத்தான் அதிகம். ஈரத்தின்மேல் பலகையை அறைந்தால் மரம் உள்ளேயே அழுகும். ஊசிமுனை கொண்ட ஈரமானியால் அளப்பார்கள். 15 விழுக்காடு வரை இயல்பு. 20ஐத் தாண்டினால் கவலை. 30ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்கும் என்பது அத்தொழிலில் உள்ளோர் கொள்ளும் கணக்கு. எங்கள் மூலையில் 38 காட்டியது. உளுத்த ரீப்பர் இரண்டை அறுத்தெடுத்துப் புதியவை பொருத்தினோம். விளக்கைக் கழற்றி, பழைய பசையை மரக்கரண்டியால் சுரண்டி, இறுகிப்போகாத பியூட்டில் பசைநாடாவின்மேல் மீண்டும் இருத்தினோம். ஸிலிகான் அங்கே கூடாது. பிற்பாடு அதன்மேல் வேறெந்தப் பசையும் பற்றாது. அவ்வாண்டு ஜூலையில் அங்கே மழைக்குக் குறைவில்லை. தார்ப்பாயால் மூடி, ஈரம் உறிஞ்சும் மின்பொறியை ஐந்து வாரம் ஓடவிட்டோம். ஸ்காட்லாந்துப் பயணம் அவ்வாண்டு நடைபெறவில்லை.

நான் விமானம் ஏறும் நாள்வரை சுவர் திறந்தே கிடந்தது. செப்டம்பர் கடைசியில் மகள் தொலைபேசியில், 14 காட்டுகிறது, பலகை ஏறிவிட்டது என்றாள். பலகையின் பின்புறத்தில், நீர் எங்கே புகுந்தது, எந்தத் தேதியில் அடைத்தோம் என்பதைப் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதி வைக்கும்படி நான் சொல்லியிருந்தேன், பேத்தி எழுதினாளாம். எதிர்மூலையில் 19 காட்டுகிறதாம். அங்கேயும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு.