மிதிவண்டி நாட்கள் – 6: எதிர்காற்று

"துணிமணிய அவங்க வண்டியிலயே ஏத்திக்கிறாங்க. சோறும் அவங்களே போடறாங்க. அப்புறம் நீ எதுக்குப்பா நாலு மாசமா தயாராவணும்?"

மரக்காணம் உப்பளத்தில் வாரு பலகையைக் கரையில் ஊன்றியபடி ஓர் அக்கா கேட்டார். ஆகஸ்ட் மாதக் காலை. மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் அவருடைய வேலையில் பாதி முடிந்திருந்தது. வெயிலுக்கு முந்திக்கொள்ள இங்கே இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அவருடைய மிதிவண்டி பின்னால் நின்றது. கேரியரில் சோற்றுத் தூக்கு, ஹேண்டில்பாரில் தண்ணீர் பாட்டில், துருவேறிய மட்கார்டு. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து தினமும் அதில்தான் வருகிறார். எந்த வண்டியும் அவர் பின்னால் வருவதில்லை.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் சொல்லிப் பார்க்கிறேன்.

நாங்கள் நான்கு பேர் வானூர்ப் பக்கத்திலிருந்து டிசம்பரில் நீலகிரிக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். டூர் ஆஃப் நீலகிரீஸ் என்ற அந்தப் பயணத்தை பெங்களூருவின் ரைட் எ சைக்கிள் அறக்கட்டளை 2008-ல் தொடங்கியது. எட்டு நாள் அளவிலான பயணம், நாளுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். வழி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றும் சந்திக்கும் மலைக்காட்டுப் பகுதிதான் அதன் மையம். காலையில் பையைக் கொடுத்துவிட்டால் மாலையில் தங்கும் இடத்தில் இருக்கும். வழியில் தண்ணீரும் தின்பண்டமும் கிடைக்கும், மெக்கானிக் இருப்பார், மருத்துவ உதவி இருக்கும். முடியாதவரை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வண்டி வரும்.

அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. சுமக்க வேண்டியதையெல்லாம் வண்டி சுமக்கிறது. மிச்சம் இருப்பவை என் கால்கள், என் மூச்சு, என் வயிறு. பிறகு, எனக்கு முன்னாலும் பின்னாலும் போகிறவர்கள்.

மலையே இல்லாத ஊரில் மலைக்கு எப்படித் தயாராவது? வானூரின் செம்மண் மேட்டில் ஏற்ற இறக்கம் உண்டு. திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கும் பக்கம் போனால் தொடைக்கு நல்ல வேலை. ஆனால் அந்தச் சாலையில் கல்குவாரி டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், புழுதியில் முன்சக்கரமே தெரியாது. இரண்டு முறை போனோம், விட்டுவிட்டோம். கிழக்கே இறங்கினால் கீழ்புத்துப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம். தட்டையான கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே எங்களுக்குக் கிடைத்த மலை, காற்று.

காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் நெஞ்சில் மோதுவதும் 20 கிலோமீட்டர் காற்றுதான். எதிரே இன்னொரு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் மோதுவது 40. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். உப்பளம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மறைப்பே இல்லை. சவுக்குத்தோப்பு ஒன்று வந்தால் அந்த நூறு மீட்டர் இளைப்பாறல், அவ்வளவுதான். ஆகஸ்டில் பகல் ஏறியதும் கடலிலிருந்து காற்று கிளம்பும். காலையில் சுகமாக வடக்கே போய்விட்டு, உச்சிவெயிலில் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கியதும் கணக்கு தலைகீழ். போகும்போதே தண்டனை, வரும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும்.

உப்பளத்துக்காரர்களிடம் காற்றைப் பற்றிப் பேசினால் அவர்கள் கணக்கே வேறு. எங்களை வதைக்கும் காற்றுதான் அவர்கள் பாத்தியில் நீரை உலர்த்துகிறது. நல்லா அடிச்சா நல்லா விளையும் என்பார்கள்.

காற்றில் போகும்போதுதான் கூட்டம் என்பதன் பொருள் புரியும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் போனால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிச்சமாகும். அந்த மிச்சத்தை அவர்தான் தன் உடம்பிலிருந்து தருகிறார். ஆகவே முறைவைத்து முன்னால் போக வேண்டும். ஐந்து நிமிடம் இழுத்துவிட்டு, பின்னால் பார்த்து, விலகி, கடைசிக்கு வர வேண்டும். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது, முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "குழி", "மணல்", "மாடு", "நிக்கறேன்". அதை அடுத்தவர் அப்படியே பின்னால் கடத்த வேண்டும். திடீர் பிரேக் கூடாது. முன்சக்கரத்தை இன்னொருவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்கவே கூடாது. அவர் லேசாக ஒதுங்கினாலும் விழுவது நாம்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் நால்வரில் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், கிளியனூர்ப் பெண். பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியில் ஓட்டப் பழகியவர். என்னை அண்ணா என்பார். இரவுப் பணி முடித்து வந்திருந்தார். அன்று எனக்குக் கால் நன்றாக ஓடியது. முன்னால் இழுத்தேன், வேகத்தைக் கூட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியரும், வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவரும் என் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மரக்காணத்தில் டீக்கடையில் இறங்கிய பிறகுதான் நாங்கள் மூன்று பேர் என்பதே தெரிந்தது.

அனுமந்தைக்கு அருகே அவருக்குப் பஞ்சர். காற்றடிக்கும் பம்பு என் பையில் இருந்தது. நாங்கள் போன் செய்தபோது அவர் எடுக்கவில்லை, சத்தத்தில் கேட்டிருக்காது. திரும்பிப்போய்ச் சேர்வதற்குள் நாற்பது நிமிடம் அவர் சாலையோரம் நின்றிருந்தார். லாரிகள் அவரை உரசியபடி போய்க்கொண்டிருந்தன. கோபமாக எதுவும் சொல்லவில்லை. "அங்க வண்டி பின்னாடி வரும்ணா. இங்க நீங்கதான வண்டி" என்று மட்டும் சொன்னார்.

நான் இதுவரை படித்த பயிற்சி அட்டவணை எதிலும் இந்த வரி இல்லை. மறுவாரத்திலிருந்து பம்பு ஆளுக்கொன்று. அன்றைக்கு யாருக்கு முடியவில்லையோ அவர் இரண்டாவதாக வருவார். அவர் "மெதுவா" என்றால் முதலில் போகிறவர் மறுபேச்சில்லாமல் குறைப்பார்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையைக் கடக்க முடியாது. தொடக்கத்தில் வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்து நான்கு மணி நேரத்தில் தலைவலியோடு இறங்குவேன். செவிலியர்தான் திருத்தினார். புறப்படும்போது எடை பார்க்கச் சொன்னார், வந்ததும் மறுபடி. குடித்ததையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அந்த ஒரு லிட்டரில் ஒரு கிராமை ஒட்டிச் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் மாறும். சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். இரண்டு கணக்கும் அருகருகே வருவதைப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடி, உப்போடு குடி என்றார். உப்பளத்து அக்கா தூக்கில் கொண்டுவரும் நீராகாரத்தில் தண்ணீர், உப்பு இரண்டும் இருக்கின்றன.

மலையில் ஆபத்து வேறு மாதிரி. டிசம்பர்க் குளிரில் தாகமே எடுக்காது, உள்ளே சட்டை நனைந்திருக்கும். ஆகவே சாப்பாட்டையும் பழக்கினோம். மணிக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய், பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

பல நாள் பயணத்துக்கு ஒரே நாளில் 150 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதைவிட, சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து எண்பது எண்பதாக ஓட்டுவது பயன் தரும். ஞாயிறு காலை சீட்டில் உட்காரும் அந்த முதல் நொடியில் எல்லாம் தெரிந்துவிடும். சீட்டு அரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பது, கையுறை போடாத விரல் மரத்துப்போவது, தொடையிடுக்கில் சிவப்பது. பஞ்சு வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது என்பதைப் பலர் கூச்சத்தால் கேட்காமலே புண்ணாகிப் போகிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். மூன்று கால்சட்டை வேண்டும். ஊட்டிக் குளிரில் இரவு துவைத்தது காலைக்குக் காயாது.

மிதிவண்டிக்கு இந்தக் கரை நல்லதில்லை. உப்புக்காற்றில் செயின் ஒரு வாரத்தில் செம்பட்டை ஆகிவிடும். சீட்டுத் தண்டு குழாயோடு இறுகிக்கொள்ளும், பிறகு அடித்தாலும் வராது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். மாதம் ஒருமுறை சீட்டுத் தண்டை உருவி கிரீஸ் தடவ வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் கேபிளும் புதிதாக மாற்றிவிட்டோம். முதல் நாள் இரவில் எதையும் மாற்றக்கூடாது. கியரையும் மாற்றினோம். முன்னே 34 பல், பின்னே 32 பல் என்றால் ஒரு முழு மிதிக்கு வண்டி இரண்டேகால் மீட்டர்தான் நகரும். ஊரில் ஓட்டும் கியர் இல்லாத மிதிவண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். தட்டையில் அந்தச் சின்ன கியர் வெறும் சுற்று. மசினகுடியிலிருந்து கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அதை நம்பித்தான் ஏற வேண்டும்.

அக்டோபரில் ஒருமுறை மிதிவண்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போனோம். பாரி, அதியமான் என்று வள்ளல்கள், புலவர்கள் பெயர் தாங்கிய 14 வளைவுகள். எதிர்காற்றில் வளர்த்த மூச்சு அங்கே கைகொடுத்தது. பொறுமையும் கைகொடுத்தது, ஏனென்றால் நிமிர்ந்து பார்த்தாலும் முடிவு தெரியாத உழைப்பு எங்களுக்குப் பழகியிருந்தது. ஆனால் மூன்றாவது வளைவிலேயே ஒன்று புரிந்தது. காற்றில் நண்பனின் முதுகு ஒரு சுவர். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறும்போது அந்தச் சுவரால் பயனில்லை. அங்கே எதிர்ப்பது காற்றல்ல, நம் எடை. ஒருவருடைய எடையை இன்னொருவர் மறைக்க முடியாது. அவரவர் வேகத்தில் பிரிந்துதான் ஏற வேண்டும். பெரியவர் கடைசியில் வந்தார். ஒவ்வொரு நாலு வளைவுக்கும் ஒருவர் நின்று அவரை எதிர்கொண்டோம். தண்ணீர் கொடுத்தோம், பேசவில்லை. பேச அவருக்கு மூச்சு இல்லை.

அன்று இறங்கிய பிறகு அவரே கேட்டார், "நீலகிரில முடியலன்னா அந்தப் பின்வண்டில ஏறிக்கலாமா சார்?" ஆசிரியர் பதில் சொல்லத் தயங்கினார். செவிலியர் தயங்கவில்லை. "நெஞ்சு படபடன்னு அடிச்சா, தலை சுத்தினா உடனே ஏறிடணும் ஐயா. அதுக்குத்தான அது வருது." எந்த அறிகுறிக்கு யார் ஏறுவது என்று அன்றைக்கே நால்வரும் பேசி முடித்தோம். மலையின் நடுவில், வீறாப்பு தலைக்கேறிய நேரத்தில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல அது.

நவம்பர் கடைசி ஞாயிறு, கடைசிப் பயிற்சி. இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது. பாத்திகள் மூழ்கி உப்பளம் ஏரிபோல நின்றது. அம்பாரங்கள் மூடிக் கிடந்தன, ஆள் நடமாட்டம் இல்லை. கழுவெளிச் சதுப்புநிலம் நிரம்பி, வலசைப் பறவைகள் தொலைவில் புள்ளி புள்ளியாக மிதந்தன. வடக்கிலிருந்து வாடை முகத்தில் அறைந்தது. கூனிமேடு தாண்டியதும் செவிலியர் தானாக விலகி முன்னால் போனார். வேகம் பதினாறு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் பெரியவரின் பின்சக்கரத்தைப் பார்த்தபடி மூன்றாவதாகப் போனேன். பாலம் இறங்கும் இடத்தில் செவிலியரின் இடது கை கீழே இறங்கியது.

"குழி!"

"குழி" என்றார் பெரியவர். நானும் கையை இறக்கிச் சொன்னேன். பின்னால் ஆசிரியரின் குரல் கேட்டது.

(தொடரும்)