வீதிக்கு உப்பு விற்கும் வியாபாரம்

குளிர் நாடுகளில் வீதியில் உறையும் பனிக்கட்டியை இளக்க உப்புத் தூவுவார்கள். சாதாரண உப்பு ஏறக்குறைய மைனஸ் 9 பாகை செல்சியஸ் வரை நல்ல பயன் தரும். இதை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விநியோகிப்பது இலகுவான வியாபாரம் என்றே நானும் எண்ணியிருந்தேன், ஒப்பந்த விதிகளைப் படிக்கும் வரை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மாநிலக் கூட்டுக் கொள்வனவில் சேரும் மன்றம் பனிக்காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே தன் தேவையை அறிவிக்க வேண்டும். 1,000 தொன் கேட்டிருந்தால், பனி பெய்யாவிட்டாலும் 600 தொன்னை வாங்கியே ஆகவேண்டும். கடும் பனி என்றால், விநியோகஸ்தர் 1,400 தொன் வரை ஒப்பந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். அந்த மேலதிக 400 தொன்னுக்கு முதலும் களஞ்சியமும் அவர் பொறுப்பு.

கையில் சரக்கு இருந்தால் மட்டும் போதாது. 2014 பெப்ரவரியில் நியூ ஜேர்சிக்கான 40,000 தொன் உப்பு, மேய்ன் மாநிலத் துறைமுகமொன்றில் தேங்கியது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கப்பல் சரக்கேற்றிச் செல்ல 1920ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கவில்லை.

எந்த அரச கேள்விப்பத்திரத்துக்கும் விலை குறிக்குமுன் மூன்றைக் கணக்கிடுங்கள் என்பேன்: குறைந்தது எவ்வளவு விற்கும், கூடியது எவ்வளவு கொடுக்க நேரும், அதை எது கொண்டுபோய்ச் சேர்க்கும்?