குயிலாப்பாளையம் டு நார்வே: கழுவெளிப் பறவைகளோட 'சம்மர் வீட்டுக்கு' ஒரு டிரிப் போலாமா?

டிசம்பர், ஜனவரியில் குயிலாப்பாளையம் ரோட்டில் நின்றால், பாதிப்பேர் குளிர் தாங்காமல் ஐரோப்பாவில் இருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அதே நேரத்தில் ஈ.சி.ஆரில் கொஞ்சம் வடக்கே, மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரியிலும் உப்பளங்களிலும் இன்னொரு கூட்டம் இறங்கியிருக்கும். டிக்கெட், விசா எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைகள்!

சரி, மே மாசம் உப்பு நல்லா விளையுற வெயில்ல அதெல்லாம் எங்கே போகுது? நாமளும் அங்கே போய்ப் பார்க்க முடியுமா? முடியும். ஆனால் செலவு பெரியது, தப்பான மாசத்தில் போனால் காசும் வீண். அதனால் ப்ளான் முக்கியம் பாஸ்!

ஏன் நார்வே?

கழுவெளிக்கு வரும் பறவைகளில் பல, ஆர்க்டிக் பகுதியில்தான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கிறது. சாதாரண சுற்றுலாப் பயணி அங்கே சுலபமாகப் போய்விட முடியாது. ரோடு, பஸ், தங்குமிடம் எல்லாம் உள்ள ஆர்க்டிக் வேண்டுமென்றால் நார்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வராங்கர் தீபகற்பம் நல்ல சாய்ஸ்.

நம்ம சேற்றில் குடுகுடுவென ஓடும் கொசு உள்ளான் அங்கே கூடு கட்டும். சராசரியாக 25 கிராம் எடைதான், ஆனால் பறப்பதோ கண்டம் விட்டுக் கண்டம். பேதை உள்ளான் இன்னும் சுவாரஸ்யம். இங்கே நாம் பார்ப்பது பழுப்பு நிறத்தில், கூட்டத்தில் ஒன்றாக நிற்கும் சாதாரணப் பறவை. ஆனால் மே, ஜூனில் வடக்கே ஆண் பறவையின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று விசிறி மாதிரி இறகுகள் முளைத்துவிடும். ஒரே மைதானத்தில் கூடி, பெண் பறவைகள் முன்னால் போட்டி போட்டு ஆடும். அந்தக் கல்யாணக் கோலத்தை நம்ம ஊரில் பார்க்கவே முடியாது.

அதே பகுதியில் வார்டோ என்ற ஊருக்கு எதிரே ஹோர்னோயா என்ற தீவு இருக்கிறது. படகில் சில நிமிடப் பயணம். பாறை முழுக்கக் கடல் பறவைகள். கலர் மூக்கோடு இருக்கும் பஃபின் பறவையை அங்கே மிகக் கிட்டத்தில் பார்க்கலாம்.

எந்த மாசம் போகணும்?

முதலில் ஒன்றை முடிவு பண்ணுங்கள். துருவ ஒளி வேண்டுமா, பறவை வேண்டுமா? இரண்டும் ஒரே டிரிப்பில் கிடைக்காது. வானத்தில் பச்சை ஒளி ஆடுவதைப் பார்க்க இருட்டு வேண்டும், அதற்கு செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் சரி. பறவைகள் கூடு கட்டுவதோ சூரியன் மறையாத கோடையில். வார்டோவில் மே மூன்றாம் வாரத்தில் இருந்து ஜூலை கடைசி வாரம் வரை நள்ளிரவிலும் சூரியன் இருக்கும்.

நம்ம லிஸ்ட்டுக்கு ஜூன் முதல் மூன்று வாரங்கள் பெஸ்ட். மே மாசம் மேட்டுநிலத்தில் பனி உருகியிருக்காது. ஜூலை தாண்டினால் பேதை உள்ளானின் ஆட்டம் முடிந்திருக்கும், கொசுக்கூட்டம் வேறு மொய்க்கும்.

விசா: இங்கேதான் நிறையப் பேர் காசை விடுறாங்க

நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை. ஆனால் ஷெங்கன் விசா பகுதியில் இருக்கிறது. சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்திலேயே கைரேகை கொடுத்து விண்ணப்பிக்கலாம். கவனிக்க வேண்டியவை:

* பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் ஆகும். ஜூன் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் கொடுப்பது நிம்மதி.
* 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது.
* திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 10 வருடத்துக்குள் வழங்கியதாகவும் இருக்க வேண்டும்.
* குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.
* கடைசி வாரத்தில் நண்பரிடம் வாங்கி அக்கவுன்ட்டில் போட்ட பணம் உதவாது. சம்பளம், சேமிப்பு மாதாமாதம் வந்து போவது ஸ்டேட்மென்ட்டில் தெரிய வேண்டும்.
* விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். முன்பதிவு மட்டும் போதும்.

பனிக்கரடி பார்க்க ஸ்வால்பார்ட் தீவுக்கும் போகணும்னு ஆசையா? அது நார்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே. போய்த் திரும்ப, இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் நார்வேக்குள் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

எப்படிப் போவது, எங்கே சிக்கனம்?

சென்னையில் இருந்து ஏதாவது ஒரு ஊரில் மாறி ஆஸ்லோ. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கிர்கெனெஸ். பிறகு பஸ், வாடகைக் கார் அல்லது கடலோரக் கப்பலில் வார்டோ. கார் எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே வண்டி ஓட்டுவது வலது பக்கம், ஜாக்கிரதை!

நார்வேயில் ஹோட்டல் சாப்பாடு பர்ஸைக் காலி பண்ணிவிடும். சமையலறை உள்ள சின்ன மரக் குடில்கள் வாடகைக்குக் கிடைக்கும். நாலு பேராகப் போனால் குடில், கார் இரண்டையும் பங்கு போடலாம். ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோக அங்கே தடை. அதனால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

என்ன உடுத்துவது?

ஜூனிலும் பகல் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டாத நாள்கள் சகஜம். கூடவே கடல்காற்று. ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட மூன்று அடுக்கு உதவும். உள்ளே கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத கோட். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு சில்லிட்டுவிடும். இரவிலும் வெளிச்சம் என்பதால் தூங்கக் கண்பட்டை அவசியம். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க்கை உள்பாக்கெட்டில் வையுங்கள்.

ஒரு போட்டோவுக்காக ஒரு கூட்டை அழிக்காதீங்க

கொசு உள்ளான் தரையில்தான் முட்டையிடும். முட்டையும் கல்லும் ஒரே மாதிரி இருக்கும். பாதையை விட்டு இறங்கினால் மிதித்துவிட வாய்ப்பு உண்டு. தாய்ப்பறவை பயந்து எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடும். அங்கே கோடை ரொம்பக் குட்டி. ஒருமுறை தவறினால் மறுபடி முட்டையிட நேரம் இருக்காது. ஸ்வால்பார்ட்டில் 2025 முதல் பனிக்கரடியிடம் இருந்து 300 மீட்டர் தள்ளி நிற்பது சட்டம். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

பட்ஜெட் இப்போ இல்லையா?

பரவாயில்லை, முதல் பாதி நம்ம ஊரிலேயே இருக்கு. 2021-ல் தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024-ல் ராம்சார் தலமாகவும் ஆனது. வடக்கே கூட்டைக் காப்பாற்றி, இங்கே சேற்றையும் தண்ணீரையும் கெடுத்தால் அந்த 25 கிராம் பறவைக்கு இறங்க இடம் கிடையாது.

அக்டோபரில் தொடங்கி மார்ச்சுக்குள், காலை வேளையில் புதுச்சேரி - சென்னை ஈ.சி.ஆர். பஸ்ஸில் மரக்காணம் போய்விடுங்கள். போனில் மெர்லின், ஈபேர்ட் ஆப்கள் இலவசம். கையில் 8×42 பைனாகுலர் இருந்தால் போதும். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் லிஸ்ட்டையும் சேருங்கள். இங்கே பழுப்பு நிறத்தில் ஒரு பேதை உள்ளானை அடையாளம் காணப் பழகியவருக்குத்தான், வராங்கரில் அது கழுத்திறகை விரித்து ஆடும்போது 'அட, நம்ம ஆளா இது!' என்று தோன்றும்.