குழுச் சான்றும் வயல் ஆய்வும்

இரசாயன உரமும் பூச்சிக்கொல்லி மருந்தும் இன்றி விளைந்த பொருளுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஆயினும் நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, அது எவ்வாறு விளைந்தது என்று கூற எவராலும் இயலாது. ஆதலின் வாங்குவோர் சான்றிதழ் கேட்கின்றனர். இந்திய அரசு 2001ஆம் ஆண்டில் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தை வகுத்தது. தமிழ்நாட்டில் அங்ககச் சான்றளிப்புக்கென 2007ஆம் ஆண்டில் தனித் துறை ஏற்பட்டது. இன்று விதைச்சான்று, அங்ககச் சான்று ஆகிய இரு பணிகளையும் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே துறை கவனித்து வருகிறது.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலமுடையோர் தனித்தனியே சான்று பெறுவது செலவு மிகுந்த காரியம். எனவே, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்று பெற வழி செய்யப்பட்டுள்ளது. குழுவின் ஆய்வாளர்கள் அங்கத்தினர் அனைவருடைய வயல்களையும் பார்வையிட்டுப் பதிவு செய்யவேண்டும். சான்றளிப்பு அதிகாரி அப்பதிவேடுகளைப் பரிசீலித்து, சில வயல்களை மட்டும் நேரில் ஒப்பிட்டுப் பார்ப்பார். பதிவேடும் வயலும் மாறுபட்டால், பழுது அவ்வொரு வயலோடு நிற்பதில்லை. குழுவின் ஆய்வே நம்பத்தக்கதன்று என்றாகிவிடும். ஒருவர் மறைவாகத் தெளித்த மருந்தால் குழுவினர் அனைவரின் விளைச்சலும் சாதாரண விலைக்குப் போக நேரிடலாம். இரசாயன முறையிலிருந்து மாறுவதற்கு ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் காத்திருக்கவேண்டும். அவ்வளவு காலம் பாடுபட்டுப் பெற்றதை ஒரு நாளில் இழத்தல் தகுமா?

ஆய்வின் காலம்

அறுவடை முடிந்தபின் வயலைப் பார்ப்பதில் பயன் சிறிது. நாற்றங்கால் விடும்போது பார்த்தால், மருந்து கலந்த விதையா என்பது தெரியும். பூச்சி தாக்கும் பருவத்தில் பார்த்தால், விவசாயி என்ன செய்கிறார் என்பது தெரியும். அறுவடைக்குச் சற்று முன்னர் விளைச்சலை மதிப்பிட்டு எழுதிவைத்தால், பிற நெல்லைக் கலந்து மூட்டையைப் பெருக்குவதற்கு இடமிராது.

அறுபது அங்கத்தினர் உள்ள குழுவில் நான்கு ஆய்வாளர்கள், நாளொன்றுக்கு மும்மூன்று வயல்களைப் பார்த்தால், ஒரு சுற்று ஐந்தே நாளில் முடியும். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களைத் தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒரே தொடராகப் பார்த்தல் நன்று. மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு எதைக் கொண்டுவருகிறது என்பது அப்போதுதான் புலப்படும். தம் வயலையோ, உறவினர் வயலையோ எவரும் ஆய்வு செய்யலாகாது.

ஒரே வருகையில் பல காரியம்

பயிருக்கு ஒரு நாள், நீருக்கு ஒரு நாள், கிடங்குக்கு ஒரு நாள் என்று விவசாயியை அலைக்கழிக்க வேண்டுவதில்லை. வரப்பு உயரமாக உள்ளதா, அண்டை வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வராதபடி இடைவெளியோ வேலியோ உண்டா, தெளிப்பான் பிறரிடம் இரவல் வாங்கியதா, நெல்லை உரச் சாக்கில் கட்டியிருக்கிறாரா, காலி மருந்துப் புட்டிகள் வாய்க்காலில் கிடக்கின்றனவா என்பனவற்றை ஒரே வருகையில் பார்த்துவிடலாம். கண்ட குறையை அன்றே எழுதி, விவசாயியின் கையொப்பம் பெற்று, திருத்துவதற்குத் தவணை குறித்து, அந்நாளில் மீண்டும் சென்று பார்க்கவேண்டும். திருத்தப்பட்ட குறை குழுவுக்கு இழுக்கன்று. எழுதாது மறைத்த குறையே ஆபத்தாகும்.

பஞ்சாயத்தின் பங்கு

குழுவில் சேராத அண்டை விவசாயிகளையும் கலந்து பேசச் செய்வது பஞ்சாயத்தால் இயலும். மருந்து தெளிக்கும் நாளை முன்கூட்டித் தெரிவிக்குமாறு கிராம சபையில் கேட்டுக்கொள்ளலாம். ஆய்வு நாட்களைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி ஒட்டலாம். ஆய்வு என்பது குற்றம் தேடும் வேலையன்று, ஊரின் பொதுச்சொத்தாகிய நற்பெயரைக் காக்கும் வேலை என்பதை உறுப்பினர்கள் யாவர்க்கும் எடுத்துரைப்பார்களாக.