டவர் நிற்கிறது... சிக்னல் ஏன் போகிறது? பேட்டரியைக் காப்பாற்றும் 'கட் ஆஃப்' ரகசியம்!

2018 நவம்பர் 16, அதிகாலை. வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது கஜா புயல். டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரத்தோடு சேர்ந்து செல்போன் சிக்னலும் போனது. ஊரில் இருக்கும் அம்மா, அப்பா எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

டவர் சாயாமல் நின்றாலும் சிக்னல் போவது ஏன்? விடை, டவருக்குக் கீழே இருக்கும் பேட்டரிகளில் இருக்கிறது.

48 வோல்ட் கணக்கு

செல்போன் டவரில் உள்ள கருவிகள் 48 வோல்ட் டி.சி மின்சாரத்தில் இயங்குபவை. லெட் ஆசிட் பேட்டரி என்றால், 2 வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாக இணைத்திருப்பார்கள். கரன்ட் இருக்கும்போது இவை சுமார் 54 வோல்ட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். கரன்ட் போனதும் சுமையைத் தாங்கும். வோல்டேஜ் மெல்ல இறங்கும்.

கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தினால் என்ன? அங்கேதான் ஆபத்து. பேட்டரி காலியாகும்போது அதன் தகடுகளில் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். அடியோடு காலியாகி, நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் இறுகிப்போய்விடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் திரும்பாது. லித்தியம் பேட்டரியை அளவுக்கு மீறிக் காலியாக்கினால், உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகும் அபாயமும் உண்டு.

யாரை முதலில் நிறுத்துவது?

இதைத் தடுக்கத்தான் 'லோ வோல்டேஜ் டிஸ்கனெக்ட்' என்ற தானியங்கி ஸ்விட்ச். வோல்டேஜ் ஓர் அளவுக்கு இறங்கியதும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். பல இடங்களில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில், அதிக மின்சாரம் இழுக்கும் ரேடியோ கருவிகள் நிறுத்தப்படும். பக்கத்து டவர்களுக்கும் இணைப்பைக் கடத்தும் கருவிகள் மட்டும் தொடர்ந்து ஓடும். சுமார் 43 வோல்ட்டைத் தொட்டதும் அவையும் நிற்கும்.

சுமையை எடுத்ததும் பேட்டரியின் வோல்டேஜ் தானாகவே கொஞ்சம் ஏறும். அதை நம்பி மறுபடியும் இணைத்தால் சில நிமிடங்களில் திரும்ப விழுந்துவிடும். அதனால்தான், கரன்ட் அல்லது ஜெனரேட்டர் வந்து வோல்டேஜ் நன்றாக ஏறிய பிறகே ஸ்விட்ச் மீண்டும் இணைக்கும்.

புயல் நேரத்தில், 'இன்னும் பத்து நிமிடம் பேசட்டுமே' என்று இந்த ஸ்விட்சைத் தாண்டி ஒயர் கொடுக்கத் தோன்றலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு விலை, அடுத்த புயலில் பல மணி நேர சிக்னல்!

உங்கள் வீட்டிலும்...

வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே விதிதான். 'லோ பேட்டரி' என்று கத்தி நின்ற பிறகு, ஆஃப் செய்து ஆன் செய்தால் சில நிமிடங்கள் ஃபேன் சுற்றும். அது பேட்டரியின் ஆயுளைத் தின்றுதான் சுற்றுகிறது. நின்றால் விட்டுவிடுங்கள். கரன்ட் வந்ததும் முழுமையாக சார்ஜ் ஆக விடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வருவதற்குள் ஒருமுறை பேட்டரியைச் சோதித்துவிடுவது நல்லது. இருட்டில் அதன் அருமை தெரியும்!