உங்களுக்குத் தெரியுமா? பறக்கும் ஆய்வுக்கூடங்கள்

● அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகம் 1977 முதல் மேகங்களுக்குள் ஓட்டிப் பார்த்த விமானம், ‘கிங் ஏர் 200டி’. தொழிலதிபர்கள் பயணம் செய்கிற அதே ரக டர்போபிராப் (சுழல்விசிறி) விமானம்தான். சொகுசு இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் கணினிகளும் கருவி அடுக்குகளும் ஏறின.

● ஜெட் விமானம் ஏன் வேண்டாம்? வேகம் அதிகம். கிங் ஏர் நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் நிதானமாகப் போவதால், மேகத்தை நெருக்கமான இடைவெளியில் அளக்க முடிகிறது.

● பறக்கும் விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கலைத்துவிடும். கலையாத காற்றை எட்டிப் பிடிக்கத்தான் அதன் மூக்கில் நீண்ட குழாய். நுனியில் 5 துளைகள். அவற்றுக்கிடையே உள்ள அழுத்த வித்தியாசத்திலிருந்து விமானத்தின் சொந்த அசைவைக் கழித்தால், காற்றின் திசையும் வேகமும் கிடைக்கும்.

● காற்றில் மிதக்கும் தூசியைச் சேகரிக்கும் குழாயில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இழுக்கும் வேகமும் வெளிக்காற்றின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். இழுப்பு குறைந்தால் காற்று விலகி ஓடும். கனமான துகள்கள் மட்டும் நேராக உள்ளே பாய்ந்து கணக்கை ஏமாற்றும்.

● கேமராவுக்காக விமானத்தின் அடிவயிற்றில் ஜன்னல் வெட்டுவது எளிதல்ல. உயரே போனதும் கேபினின் உள்ளழுத்தம் வெளியே தள்ளும். எனவே துளையைச் சுற்றிக் கூடுதல் தகடு அடித்து வலுவூட்ட வேண்டும். விமானப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும்.

● இறக்கையில் தொங்கும் கருவிகள் லேசர் ஒளியில் துளிகளின் நிழலைப் படம்பிடிக்கின்றன. ஒரு மழைத்துளி உருவாகச் சுமார் 10 லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும்!

● 2017இல் அமெரிக்காவின் இடாஹோ மலைகளின் மேல் இருந்த மேகங்களில் பனியை உருவாக்க ஒரு விமானம் சில்வர் அயோடைடு தூவியது. வயோமிங்கின் கிங் ஏர் தன் ரேடாருடன் அந்த மேகங்களுக்குள் பறந்தது. தூவிய பாதை நெடுக பனித்துகள் உருவானது ரேடாரில் கோடுகோடாகத் தெரிந்தது.

● பறக்கும் ஆய்வுக்கூடம் இந்தியாவிலும் உண்டு. 2016இல் ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் கிங் ஏர் பி-200, நாசாவின் ‘அவிரிஸ்-என்ஜி’ கருவியைச் சுமந்து பறந்தது. சூரிய ஒளியை 400க்கும் மேற்பட்ட அலைவரிசைகளாகப் பிரித்து, பயிரையும் கனிமத்தையும் வகை பிரிக்க உதவும் கருவி அது.